குடும்ப வன்முறைப் புகார்: போலீசுக்கு ஒரு நாள் வகுப்பு, எதை வைப்பது, எதை விடுவது?

02-07-2025, மாலை – பள்ளத்தூரான்

எங்கள் சங்கத்தில் ஒரு யோசனை. காரைக்குடி வட்டார ஸ்டேஷன்களிலிருந்து 30 போலீசாரை அழைத்து, வீட்டில் அடி உதைபட்டு வருகிற பெண்களிடம் எப்படி நடந்துகொள்வது என்று ஒரு நாள் வகுப்பு. மேலிடத்தில் வாய்மொழியாகச் சரி சொல்லிவிட்டார்கள். ஆகஸ்ட் கடைசி ஞாயிறு, கல்யாண மண்டபம் இலவசம். காலையில் ஒரு வக்கீல், ஒரு டாக்டர், ஒரு மனநல ஆலோசகர். மதியம் சாப்பாடு, சான்றிதழ், குரூப் போட்டோ.

என் கருத்து இதுதான். போலீசுக்குச் சட்டம் தெரியும், இரக்கம்தான் கிடையாது. அதனால் மனதைத் தொடுகிற மாதிரி பேசுகிறவரைத்தான் கூப்பிட வேண்டும். சரிதானே வக்கீல் ஆச்சி?

02-07-2025, இரவு – தேவகோட்டை வக்கீல்

சரியில்லை தம்பி. இரக்கம் நிறையவே இருக்கிறது. "ஒரு குடும்பம் நம்மால பிரியக் கூடாது" என்கிற இரக்கம்தான் அந்தப் பெண்ணை அன்றிரவே அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிறது. சட்டமும் பாதிதான் தெரியும். கணவன் வீட்டுக் கொடுமைக்கான பழைய 498ஏ, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதா (பி.என்.எஸ்.) 85, வரதட்சணைச் சாவு, இவையெல்லாம் மனப்பாடம். 2005ஆம் வருஷத்து குடும்ப வன்முறைச் சட்டத்தில் ஸ்டேஷனுக்கு என்ன வேலை என்று கேட்டுப் பாருங்கள், "அது கோர்ட் மேட்டருங்க" என்று வரும். அதற்குத் தனியாக வருகிறேன்.

முதலில் தேதி. ஆகஸ்ட் 27 பிள்ளையார் சதுர்த்தி. பிள்ளையார்பட்டியில் பத்து நாள் திருவிழா, அதன் பின்னாலேயே ஊரூருக்குச் சிலை ஊர்வலம். பந்தோபஸ்து முடிந்து மூன்று நாள் தூங்காத ஆளைத்தான் உங்களுக்கு அனுப்புவார்கள். ஜூலை கடைசிக்குள் வையுங்கள். ஞாயிறும் வேண்டாம். வார ஓய்வைப் பறித்து உட்கார வைத்தால் நீங்கள் தேவாரமே பாடினாலும் ஏறாது. வேலை நாளில், ட்யூட்டி என்று ஆர்டர் போடச் சொல்லுங்கள்.

அடுத்து ஆட்கள். இன்ஸ்பெக்டர், எஸ்.ஐ. என்று பெயர் கொடுப்பார்கள். புகாரோடு வருகிறவள் முதலில் பார்ப்பது வாசலில் பாராக் காவல் நிற்பவரை, அப்புறம் ரிசப்ஷனில் இருப்பவரை, அப்புறம் எழுத்து வேலை பார்க்கிற ரைட்டரை. இந்த மூவரும், ராத்திரி ட்யூட்டி பார்க்கிற சிறப்பு எஸ்.ஐ.யும்தான் வகுப்புக்கு வேண்டியவர்கள். ஒரு ஸ்டேஷனுக்கு இரண்டு பேராவது வர வேண்டும். ஒருத்தர் மட்டும் கற்றுக்கொண்டு போனால் அங்கே கேலிப்பொருள் ஆகிவிடுவார். மகளிர் ஸ்டேஷனோடு நிறுத்தாதீர்கள், சட்டம் ஒழுங்கு ஸ்டேஷனும் வேண்டும். மொத்தம் 20 பேர் போதும். 30 பேருக்குப் பேச்சுக் கச்சேரிதான் நடத்த முடியும், பயிற்சி நடத்த முடியாது.

03-07-2025 – தேவகோட்டை வக்கீல்

முதல் பத்து நிமிடம். வகுப்பின் பாதி நேரம் இதற்கே போகட்டும்.

அவள் உட்காரும் இடம் பாராவுக்கு நேரே இருக்கக் கூடாது. டீக்கடைக்காரர் முதல் பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்தவர் வரை எல்லாரும் பார்க்கிற பெஞ்சில் உட்கார வைத்து "என்னம்மா விஷயம்?" என்று சத்தமாகக் கேட்டால், "சும்மா சண்டைங்க" என்றுதான் சொல்லுவாள். தனி அறை இல்லாத ஸ்டேஷனில் ரைட்டர் ரூமின் மூலையில் இரண்டு நாற்காலி போதும். கூட வந்தவரை வெளியே உட்கார வைக்க வேண்டும். அது அம்மாவாக இருந்தாலும் சரி. "ஊருக்குத் தெரிஞ்சா தங்கச்சி கல்யாணம் நிக்குமே" என்று அம்மா கண்ணாலேயே சொல்லுவாள், இவள் பாதியில் நிறுத்துவாள்.

கதை கேட்கும் முன் கேட்க வேண்டியவை: எங்கேயாவது வலிக்கிறதா, ரத்தம் இருக்கிறதா? பிள்ளைகள் இப்போது யாரிடம்? அவன் இப்போது எங்கே, நீங்கள் இங்கே வந்தது தெரியுமா? உங்கள் போன் அவன் கைக்குப் போகுமா? இன்றிரவு எங்கே தூங்கப் போகிறீர்கள்? இந்த ஐந்துக்கும் பதில் வாங்க இரண்டு நிமிடம் ஆகாது. கடைசிக் கேள்வியைக் கேட்காமலே புகார் முழுவதையும் எழுதி முடித்துவிடுவதுதான் வழக்கம்.

அப்புறம் கதை. "கல்யாணம் ஆனதுலேருந்து வரிசையாச் சொல்லு" என்று ஆரம்பித்தால் திணறுவாள். பயத்தில் பதிந்த நினைவு தேதி வரிசையில் வராது. வாசனை, சத்தம், அவன் போட்டிருந்த சட்டை, இப்படித் துண்டு துண்டாக வரும். தேதி தப்பாகச் சொல்லுவாள், நடுவில் சிரிக்கக்கூடச் செய்வாள், சிலர் கல் மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். இதைப் பார்த்து "நடிக்கிறா" என்று முடிவு கட்டுகிற ஏட்டு எல்லா ஸ்டேஷனிலும் உண்டு. மூன்று சம்பவம் கேட்டால் போதும்: கடைசியாக நடந்தது, முதல் தடவை நடந்தது, ரொம்ப மோசமாக நடந்தது. தேதி நினைவில்லை என்றால் "தீபாவளிக்கு முன்னாடியா பின்னாடியா, பிள்ளை பள்ளிக்கூடம் போயிருந்துச்சா" என்று கேட்டு அப்படியே எழுதலாம். ரைட்டர் தானாக ஒரு தேதி போட்டு எழுதினால், பின்னாளில் குறுக்கு விசாரணையில் அந்தத் தேதிதான் கேஸை உடைக்கும்.

03-07-2025, இரவு – திருமயம் ஓய்வு ஏட்டு

வக்கீலம்மா சொல்கிறது சரி. ஒன்று சேர்க்கிறேன். வாயில் தானாக வருகிற வரிகளைப் போர்டில் எழுதிப் போடுங்கள். "நீ என்ன பண்ணுன?" "சும்மாவா அடிப்பான்?" "குடிச்சா அப்படித்தான், காலைல சரியாயிரும்." "பிள்ளைங்க மொகத்தப் பாரு." எல்லாரும் சிரிப்பார்கள். ஏனென்றால் எல்லாரும் சொன்னதுதான். அதற்குப் பதில் என்ன சொல்லுவது என்று கொடுக்காமல் விட்டால் நாளைக்கும் அதேதான் வரும். நான் கொடுப்பது: "வந்தது நல்லதும்மா. மொதல்ல காயம் இருக்கான்னு சொல்லுங்க. அவசரமில்ல, தண்ணி குடிங்க." அவ்வளவுதான்.

04-07-2025 – தேவகோட்டை வக்கீல்

ஏட்டையா அந்த "அவசரமில்ல" மட்டும் வேண்டாம். கழுத்து நெரிபட்டு வந்திருந்தால் அவசரம்தான்.

இதை டாக்டரிடம் விட்டுவிடாதீர்கள், போலீசுக்கே தெரிய வேண்டும். கழுத்தைப் பிடித்து அழுத்தியதில் பெரும்பாலும் வெளியே காயமே தெரியாது. பார்க்க வேண்டியது: குரல் கம்மியிருக்கிறதா, எச்சில் விழுங்க வலிக்கிறதா, கண் வெள்ளையிலோ இமை உள்பக்கமோ குண்டூசி முனை அளவு சிவப்புப் புள்ளி இருக்கிறதா, காதின் பின்பக்கம் கன்றியிருக்கிறதா, அந்த நேரத்தில் கண் இருட்டியதா, ஒன்றுக்குப் போய்விட்டதா. கடைசிக் கேள்வியை வெட்கத்தில் யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள், பெண் காவலர்தான் மெல்லக் கேட்க வேண்டும். உள்ளே வீக்கமோ ரத்தக்குழாய்க் கிழிசலோ இருந்தால் மணிக்கணக்கில், சில சமயம் நாள் கணக்கில் கழித்துக்கூட ஆபத்து வரும். அதனால் டாக்டருக்கு ஸ்டேஷன் மெமோ போட்டு, ஒரு ஆளைக் கூட அனுப்பி ஆஸ்பத்திரிக்கு.

புகாரில் இது எப்படி ஏறுகிறது என்றும் பாருங்கள். அவள் சொன்னது, "கழுத்தப் பிடிச்சு செவுத்தோட வச்சு அமுக்குனாரு, கண்ணு இருட்டிருச்சு." எழுதியது, "கையால் தாக்கி அசிங்கமாகத் திட்டினார்." முதல் வாக்கியம் பி.என்.எஸ். 109, கொலை முயற்சி வரை யோசிக்க வைக்கும். இரண்டாவது சாதாரணக் காயம் என்று 115(2)-இல் போய் முடியும். ஒரே சம்பவம்தான். அமெரிக்காவில் 2008இல் வந்த ஓர் ஆய்வில், முன்பு கழுத்து நெரிக்கப்பட்ட பெண்கள் பின்னால் அதே ஆளால் கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் மேல் என்று கண்டார்கள். வகுப்பில் ஒரே ஒரு ஆய்வு சொல்ல நேரம் இருந்தால் இதைச் சொல்லுங்கள்.

மெமோ இல்லாமல் வந்தால் பார்க்க மாட்டோம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னால் அது தப்பு. குடும்ப வன்முறைச் சட்டத்தின் 7ஆம் பிரிவும் அதன் 17ஆம் விதியும் சிகிச்சையை மறுக்கக் கூடாது என்கின்றன. ஆஸ்பத்திரியின் ஏ.ஆர். (விபத்துப் பதிவு) புத்தகத்தில் "கணவர் தாக்கியதாகச் சொல்கிறார்" என்ற வரி ஏறியதா என்று போன காவலர் பார்த்துவிட்டு வர வேண்டும். மாமியார் பக்கத்தில் நின்றால் "படியில் விழுந்தேன்" என்று ஏறும். அந்த ஒரு வரியைப் பின்னால் திருத்தவே முடியாது.

04-07-2025 – பள்ளத்தூரான்

ஆச்சி, நான் புரொஜக்டர் வாடகை, சாப்பாட்டுப் பட்டியல் என்று போய்க்கொண்டிருந்தேன். வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், மதியம் பிரியாணி.

04-07-2025 – தேவகோட்டை வக்கீல்

பிரியாணிக்கு அப்புறம் சட்டம் வைத்தால் குறட்டைதான் பதில். மதியம் நடிப்புப் பயிற்சி வையுங்கள். புரொஜக்டர் வேண்டாம், இருட்டில் தூங்குவார்கள். பணியாரம் இருக்கட்டும்.

06-07-2025 – தேவகோட்டை வக்கீல்

சட்டப் பகுதி. 45 நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். வரலாறு, ஐ.நா. உடன்படிக்கை எல்லாம் வேண்டாம்.

2005ஆம் வருஷச் சட்டம் 26-10-2006இல் நடைமுறைக்கு வந்தது. 5ஆம் பிரிவு போலீசுக்கு நேரடியாக ஒரு கடமை வைக்கிறது. புகார் வந்தாலோ, சம்பவ இடத்தில் இருந்தாலோ, அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டியவை: மாஜிஸ்திரேட்டிடம் பாதுகாப்பு, குடியிருப்பு, பணம், பிள்ளைப் பொறுப்பு, நஷ்ட ஈடு ஆகிய உத்தரவுகள் கேட்கலாம், இந்தச் சட்டத்துக்கென்று அரசு நியமித்த பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், சேவை அமைப்புகள் இருக்கின்றன, இலவச சட்ட உதவி உண்டு, கொடுமைப் பிரிவில் கிரிமினல் புகாரும் தரலாம். இத்தனையும் அச்சடித்த படிவம் விதிகளிலேயே நான்காம் படிவமாக இருக்கிறது. ஐந்தாம் படிவம் பாதுகாப்புத் திட்டம். ஸ்டேஷனில் இந்த இரண்டும் ஒரு கட்டு இருக்கிறதா என்று வகுப்புக்கு முன்னால் விசாரியுங்கள். இல்லையென்றால் நகல் எடுத்துக் கொடுத்துவிடுங்கள், சான்றிதழ் அச்சடிக்கிற காசுதான்.

அதே 5ஆம் பிரிவின் கடைசியில் ஒரு வரி உண்டு. கைது செய்யத்தக்க குற்றம் தெரியவந்தால் சட்டப்படி நடவடிக்கை எடுக்கும் கடமையிலிருந்து இந்தச் சட்டம் போலீசை விடுவிக்காது. "டி.வி. (குடும்ப வன்முறை) கேஸ் போட்டுக்கம்மா" என்று கோர்ட்டுக்குத் தள்ளிவிடுவதற்கு அந்த வரிதான் பதில். இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கலாம்.

ராத்திரி ட்யூட்டிக்காரர் தெரிந்துகொள்ள வேண்டியது 31, 32ஆம் பிரிவுகள். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம், ஜாமீனில் விட முடியாத குற்றம். அவளுடைய சாட்சியம் ஒன்றே போதும் என்று கோர்ட் முடிவுக்கு வரலாம். 24ஆம் பிரிவுப்படி உத்தரவு நகல் ஸ்டேஷனுக்கு வரும். அது தபாலில் வந்து, ரைட்டர் கட்டில் போய், அங்கேயே கிடக்கும். ராத்திரி 11 மணிக்கு "கோர்ட் ஆர்டர் இருக்குங்க, வாசல்ல வந்து நிக்கிறாரு" என்று போன் வரும்போது யாருக்கும் தெரியாது. உத்தரவுகளுக்கென்று ஒரு சின்ன நோட்டு போட்டுப் பெயர், தெரு, எதைச் செய்யக் கூடாது என்று உத்தரவு, எந்தத் தேதி வரை என்று நாலு கட்டம் இழுத்து ரிசப்ஷன் மேசையில் வைக்கச் சொல்லுங்கள். எந்தச் சொற்பொழிவும் இதற்கு ஈடாகாது.

07-07-2025 – திருமயம் ஓய்வு ஏட்டு

112 அழைப்பு வந்து வீட்டுக்குப் போவது பற்றியும் சொல்லுங்கள். நம்ம போலீஸ் பையன்களுக்கு அங்கேதான் அடி விழுகிறது.

இரண்டு பேருக்குக் குறையாமல் போக வேண்டும். உள்ளே போனதும் இருவரையும் பிரித்து நிறுத்த வேண்டும், ஆனால் ஒரு காவலருக்கு இன்னொருவர் கண்ணில் பட வேண்டும். அடுப்படியில் வைத்துப் பேசவே கூடாது. அரிவாள்மனை, கேஸ், கொதிக்கிற எண்ணெய் எல்லாம் அங்கேதான். அவன் காதில் விழும்படி "அடிச்சாராம்மா?" என்று கேட்டால் "இல்ல" என்ற பதிலை நாமே எழுதிக் கொடுக்கிற மாதிரி. பிள்ளைகளைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். உடைந்த சாமான், கிழிந்த ஜாக்கெட், பிய்ந்த தாலிக்கொடி, இதையெல்லாம் போட்டோ எடுத்துவிட்டு ஸ்டேஷனின் அன்றாடக் குறிப்பேடான ஜி.டி.யில் எழுத வேண்டும். "சமாதானம் சொல்லி அனுப்பப்பட்டது" என்று ஒரு வரி எழுதினால் போன மாதிரியே கணக்கில்லை.

09-07-2025 – தேவகோட்டை வக்கீல்

நம்ம பக்கத்து வீடுகளைப் பற்றி. வெளியூர்ப் பாடத்திட்டம் எதிலும் இது வராது.

முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். உள்முற்றமான வளவில் நின்று கத்தினால் திண்ணைக்குக் கேட்காது. பக்கத்து வீடு வருஷத்தில் பதினொரு மாதம் பூட்டிக் கிடக்கும். "அக்கம்பக்கத்தில் விசாரித்ததில் ஒன்றும் தெரியவில்லை" என்று எழுதுவது சுலபம், விசாரிக்க அங்கே யாருமே இல்லை என்பதுதான் நிஜம். சாட்சி யார் என்று யோசிக்கக் கற்றுக்கொடுங்கள். சமையலுக்கு வருகிறவர், பாத்திரம் தேய்க்கிறவர், வாட்ச்மேன், பால்காரர். இவர்களை வீட்டு வாசலில் வைத்து விசாரிக்கக் கூடாது, வேலை போய்விடும்.

அடுத்து பூட்டு. பங்கு வீட்டில் ஆளுக்கு ஒரு அறை. மருமகளின் அறைக்குப் பூட்டுப் போட்டுவிட்டுச் சாவியை மாமியார் இடுப்பில் சொருகிக்கொள்வார். நகை, சர்டிபிகேட், பாஸ்போர்ட், பிள்ளையின் பள்ளிப் புத்தகம் எல்லாம் உள்ளே. ஸ்டேஷனுக்கு வந்தால், "வீடு ஒங்க மாமனார் பேருல, அது சிவில் மேட்டர்." இந்தப் பதில் தப்பு. வீடு யார் பெயரில் இருந்தாலும், கணவன் அங்கத்தினராக உள்ள கூட்டுக் குடும்ப வீட்டில் வாழ்ந்திருந்தால் அது பகிர்ந்து வாழ்ந்த வீடு. 17ஆம் பிரிவு குடியிருக்கும் உரிமை கொடுக்கிறது. மாமனார் மாமியார் பெயரில் இருக்கும் வீடும் இதில் வரலாம் என்று சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் 15-10-2020இல் சொல்லி, 2006ஆம் வருஷத்துப் பழைய தீர்ப்பைத் தள்ளிவிட்டது. பூட்டை உடைக்கப் போலீசுக்கு உத்தரவு வேண்டும், உண்மைதான். ஆனால் உத்தரவு இல்லாமலே செய்ய வேண்டியது இருக்கிறது: போய்ப் பார்ப்பது, பூட்டைப் போட்டோ எடுப்பது, உள்ளே என்ன இருக்கிறது என்று அவள் சொல்லும் பட்டியலை வாக்குமூலத்தில் ஏற்றுவது, அன்றைக்கே பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் சொல்வது. 23ஆம் பிரிவில் எதிர்த்தரப்பைக் கேட்காமலே இடைக்கால உத்தரவு வாங்க அந்தக் காகிதம்தான் கை கொடுக்கும்.

நகை, பாத்திரம் என்று வந்தால் சாமான் சிட்டை. கல்யாணத்துக்குப் பரப்பி வைத்து, எவர்சில்வர் எத்தனை, வெள்ளி எத்தனை என்று எண்ணி எழுதுகிற ஊர் இது. அந்தச் சிட்டையை, கல்யாண ஆல்பத்தை எடுத்துவரச் சொல்ல வேண்டும் என்று எந்த ரைட்டருக்கும் தோன்றுவதில்லை. 19(8)இல் மாஜிஸ்திரேட் சீதனத்தைத் திருப்பித் தரச் சொல்லலாம், அதற்குச் சிட்டையைவிட நல்ல சான்று எது?

சிட்டையும் வெள்ளியும் இல்லாத வீட்டுப் பெண்களும் இதே ஊரில்தான் இருக்கிறார்கள். கட்டட வேலைக்குப் போகிறவள், ஆயா வேலைக்குப் போகிறவள். அவர்களுக்கு ஸ்டேஷனில் ஒரு நாள் உட்கார்ந்தால் ஒரு நாள் கூலி போச்சு. "நாளைக்கு வா" என்பதை இரண்டு தடவை சொன்னால் மூன்றாவது தடவை வர மாட்டாள். நடிப்புப் பயிற்சியில் கதாபாத்திரம் எழுதும்போது இவளையும் எழுதுங்கள், எல்லாம் பெரிய வீட்டுக் கதையாக வேண்டாம்.

09-07-2025 – தேவகோட்டை வக்கீல்

விட்டுப்போனது. பெரிய வீட்டில் தனியாக இருக்கும் வயதான ஆச்சியை மகனோ மருமகளோ சோறு போடாமல் வைத்திருந்தாலும் இதே சட்டம் பாயும். 2016இல் உச்ச நீதிமன்றம், எதிர்மனுதாரர் ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்ற சொற்களை நீக்கிவிட்டது. பாதிக்கப்பட்டவர் பெண்ணாக இருக்க வேண்டும், மனைவியாக இருக்க வேண்டியதில்லை. தாய், மகள், அக்கா, விதவை மருமகள் எல்லாரும் வருவார்கள்.

11-07-2025 – புதுவயல் வாசகர்

எல்லாம் சரி அக்கா. பொய்க் கேஸ் போடுகிறவர்களைப் பற்றி ஒரு வரி இல்லையே? வெளிநாட்டில் இருக்கிற நாத்தனார் வரைக்கும் பெயர் சேர்க்கிறார்கள். வகுப்பில் போலீஸ் இதைத்தான் முதலில் கேட்பார்கள்.

11-07-2025, இரவு – தேவகோட்டை வக்கீல்

கேட்பார்கள், கேட்கட்டும். அதற்கு நேரம் ஒதுக்குங்கள், மழுப்பாதீர்கள்.

பதிவு செய்வது வேறு, கைது செய்வது வேறு. 2013 லலிதா குமாரி தீர்ப்பு: கைது செய்யத்தக்க குற்றம் என்றால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம், குடும்பத் தகராறில் முன்விசாரணைக்கு இடம் உண்டு. இப்போது குற்ற நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 173(3)இல், மூன்று முதல் ஏழாண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களுக்கு டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முன்விசாரணை. பதினாலு நாள் என்பது மேல் வரம்பு. அதைச் சொல்லி புகார் வந்தது என்று மட்டும் பதிகிற சி.எஸ்.ஆரில் மாதக்கணக்கில் போட்டு வைக்க முடியாது. 2014 அர்னேஷ் குமார் தீர்ப்பு: கைது தானாக நடக்கக் கூடாது, காரணம் எழுத வேண்டும், இல்லையென்றால் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ், இப்போது பி.என்.எஸ்.எஸ். 35(3). இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால் பாதிப் பயம் போய்விடும். எஃப்.ஐ.ஆர். போட்டால் மாமனாரை ராத்திரியே தூக்க வேண்டும் என்று நினைத்துத்தான் பல பேர் எஃப்.ஐ.ஆரே போடாமல் நழுவுகிறார்கள்.

நாத்தனார் விஷயம். அந்தப் பெயர்ப் பட்டியலை எழுதுவது பெரும்பாலும் அவள் இல்லை. ஸ்டேஷன் வாசலில் மனு எழுதிக் கொடுக்கிறவர் ரேஷன் கார்டைப் பார்த்து எழுதுகிறார். "மேற்படி அனைவரும் சேர்ந்து கொடுமைப்படுத்தினர்" என்று ஒரு வாக்கியம். இப்படிப் பொத்தாம்பொதுவாக எழுதியதை 2022இல் ஒரு பீகார் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஒவ்வொரு பெயருக்கும் இவர் என்ன செய்தார், எப்போது, நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டு எழுதினால், சம்பந்தமில்லாத பெயர் தானாக உதிரும், அடித்தவன் மீது கேஸ் நிற்கும். இது ஆண்களுக்கும் நல்லது, புதுவயலார் நிம்மதியாகத் தூங்கலாம்.

ஒரு கணக்கையும் போர்டில் எழுதுங்கள். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுள்ள திருமணமான பெண்களில் 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகச் சொல்லியிருக்கிறார்கள். உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறைக்கு ஆளானவர்களில் நாடு முழுவதும் யாரிடமாவது உதவி தேடியவர்கள் 14 சதவீதம். அந்தப் பதினாலிலும் பெரும்பாலோர் போனது பிறந்த வீட்டுக்கு, போலீசுக்கு வந்தவர்கள் மிகச் சொற்பம்.

13-07-2025 – தேவகோட்டை வக்கீல்

எல்லைச் சண்டை. செட்டிநாடு சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரண்டு மாவட்டத்தில் கிடக்கிறது. புதுக்கோட்டைப் பக்கம் கோனாப்பட்டில் வாழ்க்கைப்பட்டவள் அடிபட்டுக் காரைக்குடியில் இருக்கும் அம்மா வீட்டுக்கு வந்தால், "சம்பவம் அந்தப் பக்கம், திருமயத்துக்குப் போ" என்பார்கள். எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 173 சொல்கிறது. வாட்ஸாப்பில், மின்னஞ்சலில் வந்தாலும் மூன்று நாளுக்குள் கையெழுத்து வாங்கினால் போதும். குடும்ப வன்முறைச் சட்டத்தில் 27ஆம் பிரிவு: அவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊர் கோர்ட்டிலேயே மனுப் போடலாம்.

"மகளிர் ஸ்டேஷனுக்குப் போ" என்பதும் இதே ரகம்தான். 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் மகளிர் ஸ்டேஷன் திறந்தது பெண்களுக்கு ஒரு வாசல் கூடுதலாக இருக்கட்டும் என்று. மற்ற வாசல்களை அடைப்பதற்கு இல்லை. ராத்திரி ஒன்பதரைக்குப் புதுவயலிலிருந்து பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் எந்தப் பஸ்ஸில் போவாள்?

14-07-2025 – திருமயம் ஓய்வு ஏட்டு

சமாதானம் பேசி, எழுதி வாங்கி அனுப்புவதைப் பற்றி யாரும் பேசவில்லையே. நூற்றுக்குத் தொண்ணூறு அங்கேதான் முடியும்.

14-07-2025 – தேவகோட்டை வக்கீல்

வேண்டுமென்றேதான் தள்ளிப் போட்டேன். "பேசி அனுப்பாதே" என்று வகுப்பில் சொன்னால் தலையாட்டிவிட்டு மறுநாளே பேசி அனுப்புவார்கள். அதோடு, கேஸ் வேண்டாம், கூப்பிட்டுக் கண்டித்தால் போதும் என்று அவளே கேட்பதும் உண்டு. அவள் கேட்டதைத் தட்ட முடியாது. அதனால் எப்படிச் செய்யக் கூடாது என்று சொல்லலாம்.

அவள் தனியாக, முன்கூட்டியே சம்மதம் சொல்லாமல் இருவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைக்கக் கூடாது. அவன் தரப்பில் ஊர்ப் பெரியவர்கள் எட்டுப் பேர், இவளோடு அம்மா ஒருத்தி என்றால் அங்கே நடப்பது கட்டப்பஞ்சாயத்து. கோர்ட் அனுப்பும் ஆலோசனைக்கே குடும்ப வன்முறைச் சட்ட விதி 14 ஒரு நிபந்தனை வைக்கிறது: அடித்ததற்கு நியாயம் கற்பிக்க எதிர்மனுதாரருக்கு அனுமதி இல்லை. "அவ வாய் நீளங்க" என்று ஆரம்பித்ததும் நிறுத்த வேண்டும். காகிதத்தில் "இனி இருவரும் ஒற்றுமையாக வாழ்வோம்" என்று இருவர் கையெழுத்தும் வாங்குவது வழக்கம். அது பின்னால் கோர்ட்டில் அவளுக்கு எதிராகத்தான் வரும். அவன் என்ன செய்தான் என்று ஒப்புக்கொண்டான், என்ன செய்ய மாட்டேன் என்கிறான் என்று அவன் மட்டும் எழுதட்டும். மனுவை முடிக்காமல், மூன்றாம் நாளும் பதினைந்தாம் நாளும் ஒரு பெண் காவலர் பேச வேண்டும், அவள் சொன்ன எண்ணில், சொன்ன நேரத்தில்.

கண்டித்து அனுப்பக்கூடாத கேஸ் எது? ஜாக்குலின் கேம்பல் என்ற அமெரிக்கச் செவிலியர் ஆய்வாளர் 1980களில் தொடங்கிய ஆபத்துக் கணிப்புப் பட்டியலில் இன்று 20 கேள்விகள். நம்ம ஸ்டேஷனுக்கு அதை ஒட்டி ஆறு: கழுத்தை நெரித்தானா, கொல்லுவேன் என்று சொன்னானா, ஆயுதமோ மண்ணெண்ணெயோ எடுத்தானா, அடி சமீபத்தில் கூடியிருக்கிறதா, கர்ப்பமாக இருந்தபோது அடித்தானா, பிரிந்து போகப் போகிறேன் என்று அவனிடம் சொல்லிவிட்டாளா. கடைசிதான் பலருக்குப் புரிவதில்லை. அவள் கிளம்புகிற வாரம்தான் மிக ஆபத்தான வாரம். இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் இன்ஸ்பெக்டருக்குப் போன், பெஞ்சுப் பேச்சு இல்லை. தங்க இடமில்லை என்றால் மகளிர் உதவி எண் 181-க்கு அழைத்து ஒருங்கிணைந்த சேவை மையம்.

17-07-2025 – தேவகோட்டை வக்கீல்

நடிப்புப் பயிற்சி. மூன்று காட்சி, ஒவ்வொன்றும் 12 நிமிடம், பேச்சு 15 நிமிடம். ஒன்று, ராத்திரி ரிசப்ஷன், அம்மாவோடு வந்தவள். இரண்டு, புகார் எழுதும்போது உள்ளூர்ப் பெரும்புள்ளியின் போன்: "நம்ம வீட்டுப் பிள்ளைங்கதான் சார், காலைல நான் பேசிக்கிறேன்." மூன்று, அடித்தவன் பக்கத்து ஸ்டேஷன் காவலர். மூன்றாவதை விட்டுவிடச் சொல்லி மேலிருந்து வரும், விடாதீர்கள்.

பார்வையாளர்களுக்கு ஒரு சீட்டு. யார் அதிக நேரம் பேசினார்கள்? "உங்களுக்கு என்ன செய்யணும்?" என்று எத்தனையாவது நிமிடத்தில் கேட்டார்கள்? கேட்கவே இல்லையா? பாதிக்கப்பட்டவளாக ஆண் காவலரே நடிக்கட்டும், முதலில் சிரிப்பு வரும், நாலாவது நிமிடத்தில் நின்றுவிடும். உண்மையில் பாதிக்கப்பட்ட பெண்ணை மேடையேற்றி அழ வைக்காதீர்கள். தம்பியின் "மனதைத் தொடுகிற" யோசனை அங்கேதான் போய் நிற்கும். 20 பேரில் தன் வீட்டில் அடி வாங்குகிறவரும் இருப்பார், அடிக்கிறவரும் இருப்பார். பகிரங்கமாகக் கேட்காமல், தனியாகப் பேச ஒரு ஆளின் எண்ணை மட்டும் போர்டில் விடுங்கள்.

பயன் தெரிய தேர்வுத்தாள் உதவாது, எல்லாரும் சரியான விடையைத்தான் எழுதுவார்கள். முந்தைய மூன்று மாதம், பிந்தைய மூன்று மாதம் சி.எஸ்.ஆர். பதிவைப் பாருங்கள். எத்தனை ஆஸ்பத்திரி மெமோ, எத்தனை பாதுகாப்பு அலுவலருக்குப் போனது, எத்தனை எஃப்.ஐ.ஆர். மத்தியப் பிரதேசத்தில் 180 ஸ்டேஷன்களில் மகளிர் உதவி மேசையைச் சோதித்து 2022இல் வெளிவந்த ஆய்வும் இப்படிப் பதிவைத்தான் பார்த்தது. மேசை, தனி இடம், பயிற்சி எல்லாம் சேர்ந்த இடங்களில் பதிவு கூடியது. எஃப்.ஐ.ஆர். கூடியது குறிப்பாகப் பெண் அதிகாரி பொறுப்பில் இருந்த மேசைகளில்.

19-07-2025 – பள்ளத்தூரான்

ஆச்சி, அரை நாள்தான் தருவார்களாம். 29ஆம் தேதி, ஒன்பதரையிலிருந்து ஒன்றரை வரை. 16 பேர். எதை வெட்டுவது?

19-07-2025 – தேவகோட்டை வக்கீல்

வரவேற்புரை, சட்டத்தின் பெரும்பகுதி, மனநல ஆலோசகர், போட்டோ. இருக்க வேண்டியது: முதல் பத்து நிமிடம், கழுத்து, ஆறு கேள்வி, இரண்டு காட்சி, கடைசி அரை மணிக்கு இன்ஸ்பெக்டர்களையும் கூப்பிடுவது. சட்டத்தில் 5, 31, 32 மட்டும், படிவத்தைக் கையில் கொடுத்து. பாதுகாப்பு அலுவலரைச் சிவகங்கையிலிருந்து கூப்பிட்டு இவர்கள் போனில் அவர் எண்ணை ஏற்ற வையுங்கள். முகம் தெரியாத ஆளுக்கு ராத்திரி யாரும் போன் போட மாட்டார்கள்.

20-07-2025 – பள்ளத்தூரான்

ஆச்சி சொன்னபடியே. பெண்களுக்குக் கொடுக்க 181, 112, சட்ட உதவி 15100 என்று ஒரு வண்ண அட்டை அடித்து ஸ்டேஷனுக்குக் கொடுக்கலாமா?

20-07-2025 – திருமயம் ஓய்வு ஏட்டு

அட்டை பையில் இருந்தால் வீட்டில் மாட்டிக்கொள்வாள். சி.எஸ்.ஆர். ரசீதே அப்படித்தான். கொடுக்கும் முன் "இத எங்க வைப்பீங்க?" என்று கேட்கச் சொல்லுங்கள். அம்மாவிடம் கொடுக்கலாம், போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பிவிட்டு அழிக்கலாம்.

20-07-2025 – தேவகோட்டை வக்கீல்

மனுவில் எழுதும் செல் எண் யாருடையது என்பதையும் ஏட்டையா சொன்ன அந்தக் கேள்வியோடு சேர்த்துக் கேட்கட்டும். கணவன் பெயரில் எடுத்த சிம், அவன் கையில் இருக்கும் போன் என்றால், ஸ்டேஷனிலிருந்து போகிற முதல் அழைப்பை அவன்தான் எடுப்பான். அட்டை வேண்டாம் தம்பி. அதே எண்களை 16 பேருக்கும் ரிசப்ஷன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைக்கிற அளவில் அடித்துக் கொடுங்கள், போதும்.